மூன்று கிளாவருக்குப் பாஸ் கிடையாது

ஜூன் 3, செவ்வாய்

மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. கடைக்காரன் இன்றைக்கு என்கிறான், நாளைக்கு என்கிறான். கீழ்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்குகிறோம். இவர் இரண்டு வாளி தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்க மண்.

அது கிடக்கட்டும். நேற்று கிளப்பில் ஜெபசிங்கும் அவன் பெண்டாட்டி எப்சிபாவும் மறுபடியும் முதலிடம். புனேயிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்து இன்னும் வீட்டுச் சாமான்களைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டார்கள். அதற்குள் பிரிட்ஜ் மேஜையில் அப்படி ஒரு வெற்றி. இருவருக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாள். அவன் என் ஆட்டக் கூட்டாளி அண்ணாச்சியை அங்கிள் என்கிறான். இவ்வளவு மரியாதை எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது?

நான் முப்பது வருஷம் கஸ்டம்ஸில் இருந்தவள். ஒருவன் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சிரிக்கிற சிரிப்பிலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். நான் பாம்பு அல்ல, ஆனால் கால் தெரியும்.

நானும் வெயிலுகந்த பெருமாள் அண்ணாச்சியும் பதினாறு வருஷமாகக் கூட்டாளிகள். உப்பளம் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. இந்த வருஷம்தான் முதல் தடவையாக மாநிலப் போட்டியில் நம் மாவட்டத்துக்கு ஒரு ஜோடி இடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சனிக்கிழமை தேர்வு ஆட்டம். மொத்த மார்க்கில் முதலாவது வரும் ஜோடி சென்னைக்குப் போகும். அண்ணாச்சிக்கு எழுபத்து மூன்று வயது, எனக்கு அறுபத்து நாலு. இன்னொரு வாய்ப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடம் எங்களுடையது. அதை நேற்று வந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஜூன் 4, புதன்

தங்கச்சி மருமகள் போனில், "பெரியம்ம, பிரிட்ஜுன்னா ரம்மி மாதிரியா?" என்று கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன்.

நாலு பேர் உட்காருவோம். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆட்டத்துக்கு முன்னால் ஏலம், எத்தனை பிடி எடுப்போம் என்று ஏற்றி ஏற்றிக் கேட்பது; கேட்டது குறைந்தால் தோல்வி. யாரும் வாய் திறக்கக் கூடாது. பெட்டியில் ஏல அட்டைகள் இருக்கும், ஒன்றை எடுத்து மேஜையில் வைப்பதுதான் பேச்சு. அந்த அட்டை மட்டும்தான் பேச வேண்டும். முகம், கை, இருமல் எதுவும் பேசக் கூடாது. சில ஏலங்களுக்கு ஃபோர்சிங் என்று பெயர். கூட்டாளி அதை வைத்துவிட்டால் நம் கையில் உப்புக்குப் பெறாத சீட்டு இருந்தாலும் பாஸ் சொல்லி ஒதுங்கக் கூடாது, ஏதாவது கேட்டு ஏலத்தைத் தொடர வேண்டும். எங்கள் ஜோடியில், ஒரு ஸ்பேடு என்று தொடங்கி அடுத்து மூன்று கிளாவருக்குத் தாவினால் அது ஃபோர்சிங். என்னிடம் யானைபலம் இருக்கிறது, நிறுத்தாதே என்று அர்த்தம்.

"அப்ப ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கிடலாமா?" என்றாள்.

"பேசி வைக்கலாம். ஆனா எதிராளி கேட்டா ஒளிக்காமச் சொல்லணும். ரகசியமா ஒரு ஏற்பாடு வச்சுக்கிட்டா அது களவாணித்தனம்."

"சரி பெரியம்ம, குக்கர் விசிலடிக்கி" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

முதல் தேர்வு ஆட்டம். நாங்கள் முதலிடம். ஜெபசிங் ஜோடி இரண்டாவது, வித்தியாசம் அதிகமில்லை.

ஒரே சீட்டுகள்தான் எல்லா மேஜைக்கும் சுற்றி வரும். அதே சீட்டை வைத்து யார் நன்றாகச் சமாளித்தார்கள் என்பதுதான் கணக்கு. எங்களைத் தூக்கிவிட்ட ஆட்டம் ஜெபசிங் ஜோடிக்கு எதிராக ஆடியது. நான் ஒரு ஸ்பேடு, அண்ணாச்சி ஒரு நோட்ரம்ப், அதாவது சுமாரான கை, நான் மூன்று கிளாவர். உண்மையில் என் கை அவ்வளவு பெரிய கை இல்லை, ஒரு ஆசையில் தாவிவிட்டேன். அட்டையை வைத்த பிறகு கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. மெதுவாக அதை மற்ற அட்டைகளோடு ஒழுங்காக அடுக்கி வைத்தேன். அண்ணாச்சி ஒரு நிமிஷம் பார்த்தார். பாஸ் போட்டார்.

ஃபோர்சிங் ஏலத்துக்குப் பாஸ்! ஆனால் என்ன கணிப்பு! மற்ற மேஜைகளில் எல்லாரும் மேலே மேலே ஏறி விழுந்தார்கள். நாங்கள் மட்டும் மூன்று கிளாவரிலேயே நின்று சரியாக ஜெயித்தோம். அண்ணாச்சி எப்போதாவதுதான் இப்படிச் செய்வார். செய்தால் தப்பாது. அனுபவம் என்றால் அது.

நான் கவனித்த விஷயம் வேறு. அண்ணாச்சி பாஸ் அட்டையை வைத்ததும் ஜெபசிங் தலையை நிமிர்த்தித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு இருவரும் குனிந்துகொண்டார்கள். நடு ஆட்டத்தில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் என்ன பார்வை வேண்டியிருக்கிறது? அந்தப் பார்வையில் ஏதோ சேதி போனது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஜெபசிங் அடிக்கடி இருமுகிறான். அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிடுகிறாள். இருமலுக்கும் கண்ணாடிக்கும் ஏதோ கணக்கு இருக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "இந்தக் காத்துல ஊரே இருமுது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் மண்ணு வழிவிட்டு நிக்குமா?" என்றார். இவருக்கு எல்லாரும் நல்லவர்கள். மோட்டார் கடைக்காரன்கூட நல்லவன்தான்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் மச்சாதுவைப் பார்த்தேன். அவர்தான் கிளப்பில் ஆட்டங்களை நடத்துபவர், தகராறு வந்தால் தீர்ப்பும் அவர்தான். கிளினிக்கில் நோயாளிகள் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், நல்ல பிள்ளைங்க அவங்க. ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"ஆதாரம் எதுக்கு டாக்டர்? ஸ்க்ரீன் போடுங்க. மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு?"

பெரிய போட்டிகளில் மேஜைக்கு நடுவே மூலையிலிருந்து மூலைக்கு ஒரு மறைப்பு வைப்பார்கள். கூட்டாளி முகம் கூட்டாளிக்குத் தெரியாது. ஒரு தட்டில் அட்டைகளை வைத்து மறைப்புக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். நம் பக்கத்தில் நம்மோடு எதிராளி ஒருவர் உட்கார்ந்திருப்பார், கேள்வி இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்பார். டாக்டர் முதலில் தயங்கினார். பிறகு நோயாளிகளைப் படுக்க வைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பச்சைத் துணித் தடுப்பைப் பார்த்தார். "இதையே கொண்டாந்துரலாம். முதல் மேஜைக்கு மட்டும்" என்றார்.

சந்தோஷமாக அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். 

"எதுக்கு மேடம் அதெல்லாம்?" என்றார். "நல்லாத்தானே ஆடிட்டு இருக்கோம்."

"அவங்க வண்டவாளம் தெரியட்டும் அண்ணாச்சி."

"துணியக் கட்டிட்டு ஆடுததுக்கு நம்ம என்ன சர்க்கஸா? வேண்டாம்னு சொல்லிருங்களேன்."

போனை வைத்த பிறகு அது எனக்கு உறுத்தியது. நல்லது செய்தால் இவர் ஏன் பதறுகிறார்?

ஜூன் 14, சனி

தலையெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பச்சைத் துணி வந்தது, டெட்டால் வாசனையோடு. தட்டு கேன்டீன் தட்டு. என் பக்கத்தில் எப்சிபா, துணிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியும் ஜெபசிங்கும். இருமல் கேட்டது, ஆனால் அவர்கள் ஏலத்தில் ஒரு பிசகும் இல்லை. போன வாரம் ஆடிய மாதிரியே ஆடினார்கள். பிசகியது நாங்கள்.

இரண்டாவது சுற்றில் எனக்கு வந்த கை பதினாறு வருஷத்தில் வராத கை. ஏஸும் கிங்கும் வரிசை கட்டி நின்றன. ஒரு ஸ்பேடு வைத்தேன், தட்டு போய் ஒரு நோட்ரம்ப்போடு வந்தது. மூன்று கிளாவரைப் பட்டென்று வைத்துத் தட்டைத் தள்ளினேன். தட்டு போனது. வருகிறது, வருகிறது, வரவே இல்லை. கடைசியில் வந்தபோது அதில் பச்சை அட்டை. பாஸ்.

எனக்கு முதலில் புரியவில்லை. தட்டு தவறி வேறு மேஜையிலிருந்து வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மற்ற எல்லா மேஜையிலும் போனஸ் மார்க் தரும் கேமுக்குப் போய் ஜெயித்தார்கள், ஒரு மேஜையில் பன்னிரண்டு பிடி கேட்டு எடுக்கும் ஸ்லாமே அடித்தார்கள். நாங்கள் மூன்று கிளாவரில் நின்று பிச்சைக்காசு மார்க் வாங்கினோம்.

அதோடு விட்டாரா? கடைசிச் சுற்றில் என் கை சுமார்தான், கொஞ்சம் துணிந்து மூன்று கிளாவர் வைத்தேன். இந்தத் தடவை மனுஷன் ஐந்து கிளாவருக்கு ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று பிடி குறைவு.

ஆட்டம் முடிந்து துணியை விலக்கியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். ஜெபசிங் ஜோடி முதலிடம், நாங்கள் இரண்டாவது. இப்போதைக்கு.

ஒரு மனுஷன் பெரிய கைக்குப் பாஸ் போட்டு, சின்னக் கைக்கு ஏறுகிறான் என்றால் அது தவறு இல்லை. அது வேண்டுமென்று செய்வது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை.

இவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, மக்ரூன் வாங்கியதை மேஜையில் வைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: "ஒன் அண்ணாச்சிய அந்த பேக்கரி வாசல்ல பாத்தேன். அந்த இருமுத பையன் கார்ல உக்காந்திருந்தாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரமாப் பேசிட்டிருந்தாவ."

ஜெபசிங் காரில்! எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் சும்மாவா ஓடும்? ஸ்க்ரீன் வேண்டாம் என்றது, பாஸ் போட்டது, போனை எடுக்காதது எல்லாம் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன. அவர்களுக்குள் ஏதோ பேசி முடிந்திருக்கிறது. என்ன ஆசை காட்டினார்களோ. அடுத்த வருஷம் ஜெபசிங்கோடு சேர்ந்து ஆடுகிறாரோ என்னவோ. பதினாறு வருஷம். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்த மனுஷன்.

மக்ரூன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டோ பிடித்து உப்பளத்துக்கே போனேன். ஒரு கேள்வியை நேரில் கேட்டால்தான் பதில் முகத்தில் தெரியும். இது தொழில் பாடம்.

பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வெயிலும் வெள்ளையும் கண்ணைக் கூச வைத்தன. என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஷெட்டுக்குக் கூட்டிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஜெபசிங் என்ன சொன்னான்?" என்றேன். சுற்றி வளைக்கவில்லை.

"தெரிஞ்சிட்டா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல." மோரை என் பக்கம் நகர்த்தினார். "அவன் நல்ல பய மேடம். மொதச் சனிக்கிழமையே அவங்க ரெண்டு பேரும் கவனிச்சிட்டாவளாம். டாக்டர்ட்ட போயிருக்கலாம். போகல. பெரியவங்க மனசு சங்கடப்படும்னு என்னத் தனியாக் கூட்டிட்டுப் போயி, அங்கிள், கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னு சொன்னான்."

"எதப் பாத்துக்கிட?"

"ஒங்க கைய."

எனக்குக் கோபம் வந்தது. என் கைக்கு என்ன என்றேன்.

"கோவப்படாமக் கேளுங்க. மூணு கிளாவர நீங்க பட்டுன்னு வச்சிட்டுக் கைய எடுத்திட்டீயன்னா மல மாதிரி கை. நான் ஏறுவேன். மெதுவா வச்சி, அட்டைய இப்பிடி நேராக்குனீயன்னா, சும்மா தாவிருக்கீய, பாஸ் போடுங்க அண்ணாச்சின்னு அர்த்தம்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல மேடம். ஒங்க கை சொல்லிச்சு. அன்னைக்குத் துணி வந்து மறைச்சிட்டா, எனக்குக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிட்டு. பெரிய கையா, சின்னக் கையா, ஒண்ணும் தெரியல. பயந்துபோயி பாஸ் போட்டேன். அது தப்பாப் போச்சின்னதும் அடுத்ததுக்கு ஏறுனேன்."

மேலே காற்றில் தகரம் படபடத்தது.

"மொதல்ல தெரியாமத்தான் செஞ்சேன்," என்றார். "பொறவு தெரிஞ்சிதான் செஞ்சேன். அது என் தப்பு. ஜெயிச்சிட்டு ஒங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும்லா, அதக் கெடுக்க மனசு வரல."

இதை நான் நம்பவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள். மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

அண்ணாச்சி சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒரு வழி தோன்றியது. சாப்பாட்டுக்குப் பிறகு இவரை மேஜையில் எதிரே உட்கார வைத்தேன். இவருக்கு ஸ்பேடும் கிளாவரும் ஒன்று, இரண்டும் கறுப்பு. சீட்டைக் கலைத்துப் பதிமூன்று எடுத்துக்கொள்வேன், பெரிய கையோ சின்னக் கையோ, அதே மூன்று கிளாவர் அட்டையை வைப்பேன். எது பெருசு, எது சிறுசு என்று இவர் சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாதவருக்கு எப்படித் தெரியும்?

முதல் தடவை வைத்தேன். "பெருசு" என்றார். சரி.

இரண்டாவது. "சிறுசு." சரி.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் கவனமாக, பட்டென்று வைத்தேன். "பட்டுன்னு வச்சாலும் சிறுசுதான்" என்றார். அதுவும் சரி. இவர் சிரித்துக்கொண்டே தயிர்சாதக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மேற்கொண்டு நான் சீட்டைக் கலைக்கவில்லை.

"எப்பிடித் தெரியுது?"

"இதுல என்னட்டி இருக்கு? மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணா இருந்தா நீ எதையாவது நேராக்குவ. எங்க அக்கா ஒரு மாசம் வந்து தங்கட்டும்னு சொன்னல்லா, அன்னைக்கு அந்த மேஜ விரிப்ப எத்தன தடவ இழுத்து விட்ட? நான்தான் அக்காவ ரெண்டு நாள்ல அனுப்பி வச்சேன்."

சீட்டுக்கட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஊரார் பெட்டியை முப்பது வருஷம் திறந்து பார்த்தவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு அவமானம். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

ஜூன் 21, சனி

கிளப்பில் ஒரு கல்யாண வரவேற்பு, ஆட்டம் இல்லை. டாக்டர் மச்சாது போனில் கூப்பிட்டார். துணித் தடுப்பு இல்லாமல் கிளினிக்கில் சங்கடமாக இருக்கிறதாம். "போன வாரம் அந்தப் பிள்ளைங்க மேல ஒண்ணும் தெரியலேல்லா மேடம்? கடைசி ஆட்டத்துக்கு ஸ்க்ரீன எடுத்திரலாமா? ஒங்களுக்கும் அது தோதுப்படலன்னு கேள்விப்பட்டேன்."

எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அண்ணாச்சி என் கையைப் பார்ப்பார், நாங்கள் ஜெயிப்போம், சென்னைக்குப் போவோம். அவர்கள் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்கிறவர்களாக இருந்தால் முன்பே திறந்திருப்பார்கள்.

டாக்டர், "ஹலோ, ஹலோ" என்றார்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நானே பேச ஆரம்பித்துவிட்டேன், இல்லாவிட்டால் அவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார், பிறகு நானும் கேட்க வேண்டியிருக்கும்.

"இனிமே சும்மாத் தாவ மாட்டேன். உண்மையிலேயே பெரிய கை இருந்தாத்தான் மூணு கிளாவர் வைப்பேன். வச்சிட்டா நீங்க பாஸ் போடக் கூடாது."

"கையில ஒண்ணுமே இல்லாட்டியும்?"

"ஒண்ணுமே இல்லாட்டியும்."

"மேடம், நமக்குள்ள இது பேச்சு மட்டும்தான் பதினாறு வருசமா. ஒரு தடவகூட கண்ண மூடிட்டுச் செஞ்சதில்ல. நீங்க மறுபடியும் ஆசப்பட்டுத் தாவிட்டா?"

"அப்ப ரெண்டு பேருமா விழுவோம்."

அவர் யோசித்தார். இவர் காபி கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி என்னை நம்புகிறாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அவரை நம்புகிறேனா என்றும் தெரியவில்லை. சனிக்கிழமை துணிக்கு அந்தப் பக்கம் என்ன செய்வாரோ.

ஜூன் 28, சனி

கடைசி ஆட்டம். மாலை வரை இழுத்தது. ஜெபசிங் ஜோடியை எட்டிப் பிடித்துவிட்டோம், ஆனால் தாண்டவில்லை. கடைசிச் சுற்றில் அவர்களோடுதான் ஆட்டம், பச்சைத் துணி மேஜையில்.

சீட்டை விரித்தேன். ஸ்பேடு ஏஸிலிருந்து ஆறு சீட்டு. கிளாவர் ஏஸ், கிங், குயின். அண்ணாச்சிக்கு எப்படித் தெரிவிப்பது என்று பதறிய மனசை அடக்கினேன். தெரிவிக்கக் கூடாது, அட்டைதான் தெரிவிக்க வேண்டும்.

ஒரு ஸ்பேடு. தட்டு போய் ஒரு நோட்ரம்ப்போடு வந்தது. மூன்று கிளாவரை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

தட்டைத் தள்ளுவதற்கு முன்னால் எப்சிபாவின் முறை. அவள் பென்சிலை எடுத்துத் துண்டுச் சீட்டில் ஒரு வார்த்தை எழுதி என் பக்கம் நகர்த்தினாள். "ஃபோர்சிங்?"

கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆமாம் என்று எழுதினால் முடிந்தது, ஒப்பந்தப்படி அதுதான் பதில். ஆனால் ஒப்பந்தத்தை மட்டும் சொன்னால் போதாது, எங்களுக்குள் வழக்கமாக என்ன நடக்கிறதோ அதையும் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதியை இந்தக் கிளப்பில் புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் என்னைப் பார்க்காமல் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன்:

"இதுவரை இல்லை. இன்றுதான் முதல் தடவை."

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். துண்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாஸ் அட்டையை வைத்துத் தட்டைத் துணிக்குக் கீழே தள்ளினாள்.

தட்டு வரவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. ஜெபசிங் இருமினான். அண்ணாச்சி இப்போது என் கையைத் தேடுகிறார், துணிதான் தெரிகிறது என்று நினைத்தேன். பாஸ் போட்டுவிடுவார். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

தட்டு வந்தது. நான்கு கிளாவர்.

ஆறு கிளாவருக்குப் போனேன். துணியைத் தூக்கி அண்ணாச்சி தன் சீட்டுகளை விரித்து வைத்தபோது பார்த்தால், அவரிடம் இருந்தது ஒரு கிங்கும் ஒரு குயினும், மிச்சம் பூராவும் பொடிச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. பன்னிரண்டு பிடியும் வந்தது. வேறு எந்த மேஜையிலும் யாரும் அங்கே போகவில்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை, மகள் பிறந்ததைத் தவிர.

டாக்டர் மார்க்கைக் கூட்டி அறிவித்தார். மயிரிழையில் நாங்கள் முதலிடம். கைதட்டினார்கள். ஜெபசிங் எழுந்து வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். எப்சிபா அந்தத் துண்டுச் சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். அவள் டாக்டரிடம் சொல்லுவாள், சொல்லுவாள் என்று நின்றேன். சொல்லவில்லை. "வாழ்த்துக்கள் ஆன்ட்டி, சூப்பர் ஸ்லாம்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை போதும், சென்னை அவளுக்கு. கையில் இருந்ததைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிரிக்கிற ஆளை நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"டாக்டர், மொதச் சனிக்கிழமை கணக்குல ஒண்ணத் திருத்தணும்" என்றேன். மூன்று கிளாவருக்குப் பாஸ் வந்த ஆட்டத்தைச் சொன்னேன். என் கை என்ன செய்தது, அண்ணாச்சி எதைப் பார்த்துப் பாஸ் போட்டார் என்பதையும் சொன்னேன். அவர்கள் இருவரையும் சந்தேகப்பட்டு டாக்டரிடம் போனதைப் பற்றி எல்லாரும் கேட்கும்படி என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்? அன்னைக்கு யாரும் கேக்கல. எல்லாம் முடிஞ்சு போச்சு."

அண்ணாச்சி நடுவில் வந்தார். "டாக்டரே, அந்தப் பாஸப் போட்டது நானு. அவங்க மேல ஒண்ணும் இல்ல. எழுதுததா இருந்தா என் பேரப் போட்டு எழுதுங்க."

"அட்டைய வச்சது என் கை அண்ணாச்சி."

"பாத்தது என் கண்ணுல்லா மேடம்!"

கிளப்பே வேடிக்கை பார்த்தது. இரண்டு கிழங்கள் குற்றத்துக்கு அடித்துக்கொண்டு நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டு, அந்த ஆட்டத்துக்கு மற்ற மேஜைகளுக்குக் கிடைத்த தோல்வி மார்க்கையே எங்களுக்கும் போட்டார். கூட்டினார். நாங்கள் இரண்டாவது. ஜெபசிங் ஏதோ சொல்ல வந்தான், எப்சிபா அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியிருந்தது. சென்னை கைநழுவிப் போனதற்காக என்று நினைத்து, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"அட போங்க மேடம். அந்தத் தட்ட வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா? கையில ஒண்ணுமே இல்ல. ஆனா மேடம் வச்சிருக்காவன்னு ஏறுனேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏறிட்டேம்லா."

ஏறிவிட்டார். 

ஜூன் 29, ஞாயிறு

காலையில் எப்சிபாவிடமிருந்து போன். சென்னைக்குப் போகும் முன் அவர்களுக்குப் பயிற்சி வேண்டுமாம். வாரம் இரண்டு நாள் அவர்கள் வீட்டில் உட்காரலாமா, அங்கிளையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். இந்த ஊரில் அவர்களை உண்மையாகத் திணறடித்த ஜோடி நாங்கள்தானாம். மதியச் சாப்பாடும் அங்கேயே, மீன் குழம்பு என்றாள். நாங்கள் மீன் தொட மாட்டோம் என்றேன். அப்படியானால் சாம்பார் என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

இதில் ஏதோ இருக்கிறது. தன்னைக் களவாணி என்று டாக்டரிடம் போய்ச் சொன்னவளை யாரும் காரணமில்லாமல் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். அது என்ன காரணம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.